பழைய ரேசரா, நோக்கியா 6131ஆ, புது 2660ஆ: தேயிலைத் தோட்டத்துக்கு எந்த ஃபிளிப் போன் சரிவரும்?

ஊர்ல அம்மாவுக்கு ஒரு மடக்கு போன் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், எது நல்லதுன்னு இப்ப நெறைய பேர் கேக்குறாங்க. கேக்குறவங்க முக்காவாசி கொழும்புல கடையிலயோ கார்மென்ட்லயோ வேல செய்ற பிள்ளைங்க, தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ வரும்போது கையில ஒண்ணு கொண்டு வரணும். அவங்க மனசுல இருக்கிறது அந்தப் பழைய மோட்டோரோலா ரேசர், ஏன்னா அந்தக் காலத்துல டவுன்ல பஸ் ஸ்டாண்ட்ல ஒரு ஆள் அத டக்குனு தொறந்து பேசுனா மத்தவங்க எல்லாம் ஒரு பார்வ பாப்பாங்க. கடைக்காரர் எடுத்துக் காட்டுறது புது நோக்கியா 2660. நடுவுல யாராவது ஒரு மாமா, 6131 கெடச்சா விட்டுறாதன்னு சொல்லி வச்சிருப்பார்.

நம்ம முடிவ மொதல்லயே சொல்லிர்றேன். அம்மா அப்பாவுக்குன்னா 2660. ஒங்க ஆசைக்குன்னா ரேசர், அதுவும் ரெண்டாவது போனா. 6131 நல்ல போன் தான், ஆனா நல்ல பீஸ் கெடைக்கிறது கஷ்டம். ஏன் இப்பிடி சொல்றேன்னு தெரியணும்னா மேற்கொண்டு படிங்க, கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல ஏன் ஃபிளிப்பே வேணும்னு கேக்கலாம். மலையில வேல செய்ற ஆளுக்கு போன் இருக்கிற எடம் ஒண்ணு சட்டப் பை, இல்லாட்டி இடுப்புல கட்டுற படங்குக்குள்ள சுத்தின ஒரு சின்ன பேக். அங்க ஈரம், தூசி, கொழுந்துக் கறை எல்லாம் இருக்கும். சாதா பட்டன் போன்ல கீ லொக் போட மறந்தா அதுவே யாருக்காவது கோல் போயிரும், ரீலோட் காசு கரையும். ஃபிளிப் மூடியிருந்தா பட்டன் உள்ள, டிஸ்பிளே உள்ள, ஒண்ணும் அமுங்காது. கோல் வந்தா தொறக்கிறது தான் ஆன்சர், பேசி முடிஞ்சா மூடுறது தான் கட், பச்ச பட்டன் எது செவப்பு பட்டன் எதுன்னு கண்ணாடி தேடத் தேவ இல்ல. இந்த வேலய செய்றது உள்ள இருக்கிற ஒரு சின்ன காந்தமும் அத உணர்ற ஒரு சென்சரும், அவ்வளவு தான் விஷயம். டச் போன்ல ஈர வெரல் பட்டா ஸ்க்ரீன் குழம்பும், வருசக்கணக்கா கொழுந்து பறிச்சு வெடிச்சுப் போன வெரல் நுனிய சில ஸ்க்ரீன் சரியா எடுக்கவே எடுக்காது, இத நம்ம அம்மாமார் "இந்த போன் என்னய மதிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லித் தள்ளி வச்சிருவாங்க.

சரி ரேசருக்கு வருவோம். மடக்குற கைத்தொலைபேசிய மொதல்ல பிரபலமாக்குனதும் மோட்டோரோலா தான், 1996ல வந்த ஸ்டார்டெக். அதுக்கு எட்டு வருசம் கழிச்சு 2004ல ரேசர் வி3 வந்துச்சு. அப்ப ஃபிளிப் போன்னா உருண்டையா தடிப்பா தலையில ஒரு ஆண்டெனா நீட்டிக்கிட்டு இருக்கும். இது மூடி வச்சா 13.9 மில்லிமீட்டர் தான், நிறை 95 கிராம், வெளிய அலுமினியம். ஆண்டெனாவ தலையிலருந்து எடுத்துக் கீழ, வாய்க்கிட்ட வர்ற அந்த மேடான தாடைக்குள்ள வச்சாங்க, அதனால தான் மேல்பக்கம் அவ்வளவு மெலிசாச்சு. பெட்டரியும் உள்பக்கமும் அகலமா பரப்பி வச்சிருக்காங்க, அதனால போன் கொஞ்சம் அகலம், சின்னக் கைக்கு கொஞ்சம் பெருசு தான். உலகம் பூரா 13 கோடிக்கு மேல வித்துச்சு.

அந்த கீபேட் தான் அதோட அழகே. தனித்தனி பிளாஸ்டிக் பட்டன் கெடையாது, நிக்கல் பூசின ஒரே உலோகத் தகடு, அதுல எழுத்தையும் கோட்டையும் ரசாயனத்தால அரிச்சு எடுத்திருக்காங்க, இருட்டுல நீலமா எரியும். படத்துல பாக்க ரொம்ப நல்லா இருக்கும். ஆனா வயசான ஆளுக்கு இதுவே தொல்ல. பட்டன் மேட்டுப்பள்ளமா இல்லாம தட்டையா இருக்கிறதால வெரல் தடவிப் பாத்து அஞ்சாம் நம்பர் எங்கன்னு கண்டுபுடிக்கிறது லேசு இல்ல, எழுத்தும் சின்னது. பனி நேரத்துல நுவரெலியா பக்கம் வெறச்ச கையோட அதுல நம்பர் அடிக்கிறத நெனச்சுப் பாருங்க.

உள்ள இருக்கிறத சொல்லணும்னா கெமரா விஜிஏ, அதாவது 0.3 மெகாபிக்சல், ஃபிளாஷ் இல்ல, அதனால டோர்ச்சும் இல்ல. மெமரி அஞ்சு எம்பி அளவு, மெமரி கார்ட் போட எடமே கெடையாது. ரேடியோவும் இல்ல. லயத்துல (தோட்டத்து வரிச வீட்டுல) கரண்ட் போன ராத்திரி, டோர்ச்சும் இல்லாம ரேடியோவும் இல்லாம ஒரு போன், யோசிச்சுப் பாருங்க. கக்கூஸ் போகணும்னாலே வெளிய எறங்கி நடக்கணும், சில தோட்டத்துல சிறுத்த நடமாட்டம் வேற.

சிக்னல் விஷயம் கொஞ்சம் வெளக்கமா சொல்லணும், ஏன்னா இத யாரும் கடையில கேக்குறதில்ல. ரேசர் 2ஜி போன், 850, 900, 1800, 1900 நாலு பேண்டும் (அலைவரிசயும்) எடுக்கும், நம்ம நாட்டுல 2ஜி 900லயும் 1800லயும் தான் ஓடுறது, அதனால இப்பவும் சிம் போட்டா கோல் போகும். நம்ம மலையில டவர் ஒரு உச்சியில இருக்கும், லயம் பள்ளத்துல இருக்கும், நடுவுல ஒரு மல மறச்சிட்டு நிக்கும். 900 மாதிரி கொறஞ்ச அலைவரிச கொஞ்சம் தூரமா போகும், வளைவுலயும் கொஞ்சம் பரவாயில்லாம வரும், 1800 அவ்வளவு இல்ல. சிக்னல் கொறையக் கொறைய போன் டவருக்குக் கேக்குற மாதிரி சத்தமா கத்தும், 900ல ரெண்டு வாட் வரைக்கும் போகும், அதனால தான் டவுன்ல மூணு நாள் நிக்கிற சார்ஜ் தோட்டத்துல அவ்வளவு நிக்காது. ரேசர்ல வந்த பெட்டரி 680 எம்ஏஎச். அதும் கம்பெனி பெட்டரி இப்ப எங்க இருக்கு, கெடைக்கிறது பூரா டூப்ளிகேட், மேல என்ன எழுதியிருந்தாலும் உள்ள எவ்வளவு இருக்கும்னு கடவுளுக்குத் தான் வெளிச்சம். இன்னொண்ணு, ஆண்டெனா தாடைக்குள்ள இருக்கிறதால கீழ்ப்பக்கத்த உள்ளங்கையால பொத்திப் புடிச்சா சிக்னல் எறங்கும், நடுவுல புடிச்சுப் பேசணும்.

(பக்கத்துல பழைய ரேடியோ இருந்தா 2ஜி கோல் வர்றதுக்கு முந்தியே ரேடியோ டடக் டடக்னு அடிக்கும் பாருங்க, எங்க வீட்டுல பெல்லு அடிக்கிறதுக்கு முன்ன அந்தச் சத்தத்துக்கே ஆள் ஓடி வரும்.)

2ஜி எத்தன காலத்துக்கு? சிங்கப்பூர்ல 2017லயே 2ஜிய மொத்தமா நிப்பாட்டிட்டாங்க. இங்க இன்னும் ஓடுது, ஆனா 2ஜி மட்டும் தெரிஞ்ச ஒரு போன புதுசா காசு குடுத்து வாங்குறவங்க இந்த விஷயத்த மனசுல வச்சுக்கிட்டு வாங்கணும். வி3 மட்டும் இல்ல, 6131க்கும் இதே கத தான்.

6131 பத்தி நல்லதா சொல்ல நெறைய இருக்கு. 2006ல வந்துச்சு. சைட்ல ஒரு பட்டன், அமுக்குனா ஸ்பிரிங் மாதிரி தானா தொறக்கும், ஒரு கையில கூடயோ கொடையோ இருந்தாலும் மத்தக் கையால கோல் எடுத்துறலாம், இத ரேசர்ல செய்யணும்னா பெருவெரல நடுவுல விட்டு நெம்பணும், பழக்கம் வேணும். டிஸ்பிளே 320க்கு 240, அந்தக் காலத்துக்கு ரொம்பத் தெளிவு, ரேசர் டிஸ்பிளேய பக்கத்துல வச்சா மங்கலாத் தெரியும். கெமரா 1.3 மெகாபிக்சல், மைக்ரோ எஸ்டி கார்ட் போடலாம், பாட்டு ஏத்தலாம், எஃப்எம் ரேடியோ இருக்கு. நோக்கியா மெனு நம்ம ஆளுங்களுக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். பெட்டரி பிஎல் 4சி, இதே பெட்டரி 6300லயும் இன்னும் பல நோக்கியாவுலயும் வந்தது, அதனால சின்ன டவுன் கடையிலயும் ஒண்ணு கெடைக்கும். தடிப்பு கூட, ரேசர் பக்கத்துல வச்சா குண்டு தான், ஆனா பட்டன் தடவுனா தெரியும்.

பிரச்சின என்னன்னா வயசு. இருபது வருசப் போன். ஃபிளிப் போன்ல மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவுல, அந்தக் கீலுக்குள்ளயே ஒரு மெலிசு ரிப்பன் வயர் ஓடுது, டிஸ்பிளே, காதுல கேக்குற ஸ்பீக்கர் எல்லாத்துக்கும் அது தான் பாத. ஒவ்வொரு தடவ தொறந்து மூடும்போதும் அது வளையுது, கம்பிய திரும்பத் திரும்ப மடிச்சா அத்துப் போற மாதிரி ஒரு நாள் அதுவும் அத்துப் போகும். அப்ப கோல் வரும், ஆனா வெள்ளையா ஒரு ஸ்க்ரீன் மட்டும் தெரியும், இல்லாட்டி நம்ம பேசுறது அவங்களுக்குக் கேக்கும் அவங்க பேசுறது நமக்குக் கேக்காது. ஸ்பிரிங் போட்ட போன் இன்னும் வேகமா அடிச்சுத் தொறக்கிறதால எனக்கு 6131 மேல இந்தச் சந்தேகம் கொஞ்சம் கூட. ரிப்பேர் செய்யலாமான்னா செய்யலாம், ஆனா போனப் பூரா பிரிக்கணும், அந்த ரிப்பன் எடுத்து வைக்கிற கட இப்ப எத்தன இருக்கு? டச் போன் டிஸ்பிளே மாத்துறதுல அவங்களுக்குக் காசு, இதுல கெடையாது.

இப்ப 2660 ஃபிளிப். 2022ல எச்எம்டிங்கிற கம்பெனி நோக்கியா பேர்ல விட்டது. அழகுல ரேசர் பக்கத்துல கூட நிக்காது, பிளாஸ்டிக், பின்னால சாதாரண போன் மாதிரி ஒரு மூடி. ஆனா ஒவ்வொண்ணா பாருங்க. உள்ள 2.8 இன்ச் டிஸ்பிளே, வெளிய 1.77 இன்ச்ல இன்னொண்ணு, மூடி வச்சபடியே நேரமும் யார் கூப்பிடுறாங்கன்னும் தெரியும். எழுத்து பெருசு, பட்டன் பெருசு, ஒண்ணுக்கொண்ணு எடவெளி விட்டு இருக்கு. பெட்டரி 1450 எம்ஏஎச், கழட்டி மாத்தலாம், ரேசரோடத விட ரெண்டு மடங்குக்கு மேல. ரெண்டு சிம். இது தோட்டத்துக்கு முக்கியம், ஒரு கம்பெனி டவர் லயத்துல எடுக்கும், இன்னொரு கம்பெனி மலையில எடுக்கும், சில ஆளுங்க ரெண்டு சிம்ம வச்சுக்கிட்டு கழட்டிக் கழட்டிப் போடுறது எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. கெமரா அதே 0.3 தான், பதினெட்டு வருசம் கழிச்சும் அதே 0.3, சிரிப்பு வருது, ஆனா கூட ஒரு எல்ஈடி இருக்கு. எஃப்எம் ரேடியோ ஹெட்செட் இல்லாமலே வேல செய்யும், மழ நேரத்துல மண்சரிவு எச்சரிக்கைய ரேடியோ நியூஸ்ல கேக்குற ஆளுங்களுக்கு இது பெரிய விஷயம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப கரண்டும் போச்சு, டவரும் போச்சு, அந்த மாதிரி நாள்ல ரேடியோ ஓடுற ஒரு போன் எவ்வளவு பெறுமதின்னு மலையில இருந்தவங்களுக்குத் தெரியும்.

எனக்கு 2660ல ரொம்பப் புடிச்சது சைட்ல இருக்கிற அந்த எமர்ஜென்சி பட்டன். அஞ்சு பேர் நம்பர் வரைக்கும் போட்டு வைக்கலாம், அமுக்குனா அவங்களுக்குப் போகும். விளம்பரத்துல இத வயசான ஆள் விழுந்தா அமுக்குறதுக்குன்னு காட்டுவாங்க. நம்ம ஊர்ல குளவி இருக்கு. மலையில கொழுந்து பறிக்கும்போது குளவிக் கூடு கலஞ்சு கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போற கத மாசத்துக்கு மாசம் கேக்குறது தான், அந்த நேரத்துல ஓடிக்கிட்டே போன் புக்ல பேர் தேட முடியுமா? அந்த அஞ்சுல மொத எடத்துல வெளியூர்ல இருக்கிற மகன் நம்பர போடாதீங்க, பாசம் வேற விஷயம், கொழும்புல இருந்து அவன் என்ன செய்வான். பக்கத்து மலையில நிக்கிற கங்காணி, லயத்துல வீட்டோட இருக்கிற ஒரு ஆள், த்ரீவீல் வச்சிருக்கிற தம்பி, இவங்க மொதல்ல, மகன் அஞ்சாவது. 1990 அம்புலன்ஸ் நம்பர தனியா ஸ்பீட் டயல்ல வைங்க. காது மெஷின் போடுற ஆளுக்கும் இந்த போன் ஒத்துப் போகும்படி செஞ்சிருக்காங்க, தாத்தாமாருக்கு அது ஒதவும்.

இது 4ஜி போன். ஆனா 4ஜில கோல் போறதுக்கு வோல்ட்டின்னு ஒண்ணு வேணும், அத அந்த மொடலுக்கு ஒங்க சிம் கம்பெனி குடுக்குதான்னு கேட்டுக்கங்க, குடுக்காட்டி கோல் நேரத்துல 2ஜி மாதிரி பழைய நெட்வேர்க்குக்கு எறங்கித் தான் போகும், அப்ப 4ஜிக்குன்னு குடுத்த காசுல பாதி வீண். தமிழ் எழுத்தும் அப்பிடித் தான், கடையிலயே ஒங்க போன்லருந்து தமிழ்ல ஒரு மெசேஜ் அனுப்பி அதுல கட்டம் கட்டமா வராம எழுத்தா வருதான்னு பாத்துட்டு வாங்குங்க. ரேசர்ல அந்தக் கேள்வியே இல்ல, கட்டம் தான் வரும். ஈசி கேஷ் மாதிரி நம்பர் அடிச்சு காசு அனுப்புறது, பேங்க்ல வர்ற ஓடிபி, இதெல்லாம் மூணுலயும் நடக்கும்.

வட்ஸ்அப்? 2660ல கெடையாது. 2019ல வந்த நோக்கியா 2720 ஃபிளிப்ல இருந்துச்சு, அது கைஓஎஸ்ங்கிற மென்பொருள்ல ஓடுனது, அதுக்காகவே நெறைய பேர் வாங்குனாங்க. ஆனா 2024 நடுவுல அதுல வட்ஸ்அப்ப புதுசா எறக்க முடியாம நிப்பாட்டிட்டாங்க, பெறகு 2025 தொடக்கத்தோட பழசாப் போட்டிருந்தவங்களுக்கும் முடிஞ்சது. இத சொல்லாம யாராவது "வட்ஸ்அப் உள்ள ஃபிளிப்"னு 2720ஐ வித்தா நகர்ந்துருங்க. டுபாய்ல இருக்கிற மகள் மொகத்தப் பாத்துப் பேசணும்னா அதுக்கு ஒரு சின்ன டச் போன் வீட்டுல கெடக்கட்டும், மலைக்குக் கொண்டு போறது ஃபிளிப்பா இருக்கட்டும், ரெண்டையும் ஒரே போன்ல எதிர்பாத்தா ரெண்டும் சரிவராது. ஸ்க்ரீனே மடியுற புது சாம்சங், புது ரேசர் எல்லாம் வேற ரகம், வெலயும் வேற ரகம், அத இங்க இழுக்கல.

நேர்மையா ஒண்ணு சொல்லணும்னா, ஃபிளிப்புக்கே போகாம ஒரு சாதா நோக்கியா பட்டன் போன் எடுத்தாலும் அம்மாவுக்குக் கொற வராது. டோர்ச் இருக்கு, ரேடியோ இருக்கு, வெல கொறவு, கீலே இல்லாததால ஒடைய ஒண்ணும் இல்ல. அடிக்கடி கீழ போடுற ஆளா இருந்தா நான் அதத் தான் சொல்லுவேன். ஃபிளிப் வேணும்னு வர்றது கோல் எடுக்கத் தடுமாறுற, தானா கோல் போகுதுன்னு சண்ட போடுற, காது கொஞ்சம் மந்தமான ஆளுக்கு. தொறந்தா ஸ்பீக்கர் காதுக்கும் மைக் வாய்க்கும் கிட்ட வந்து நிக்கும், சின்ன போன்ல அது நடக்காது.

ரேசர் தான் வேணும்னு நிக்கிறவங்கள தடுக்க நான் யாரு. படக்குனு மூடிக் கோல முடிக்கிற அந்தச் சுகம் எந்த டச் போன்லயும் வராது, அது உண்ம. அப்ப வாங்கும்போது இத செய்யுங்க. மொதல்ல *#06# அடிச்சு ஐஎம்ஈஐ நம்பர (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) எடுத்து, ஐஎம்ஈஐன்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு எடம் விட்டு நம்பரப் போட்டு 1909க்கு மெசேஜ் அனுப்புங்க, தொலைத்தொடர்பு ஆணைக்குழு பதிவுல இருக்கான்னு பதில் வரும். 2025லருந்து பதிவு இல்லாத போன் புதுசா நெட்வேர்க்ல ஏறுறதுல தகராறு இருக்கு, வெளிநாட்டுலருந்து யாராவது கொண்டாந்து குடுத்த ரேசர்னா கட்டாயம் பாருங்க, பெட்டிக்குள்ள இருக்கிற நம்பரும் போன் சொல்ற நம்பரும் ஒண்ணான்னும் பாருங்க. பெட்டரிய கழட்டி மேசையில வச்சு சுத்திப் பாருங்க, சுத்துனா வீங்கியிருக்கு. சார்ஜ் ஊசி பழைய மினி யுஎஸ்பி, இப்ப வீட்டுல இருக்கிற எந்த வயரும் போகாது, சார்ஜரோட சேத்து வாங்குங்க. கடைசியா கூட வந்த ஆள வெளிய நிக்கச் சொல்லி கோல் எடுத்து, அவர் பேசிக்கிட்டே இருக்கும்போது நீங்க மேல்மூடிய மெதுவா கொஞ்சம் கீழ, கொஞ்சம் மேல அசைங்க. மூடிறாதீங்க, கட்டாயிரும். சத்தம் விட்டு விட்டு வந்தாலோ ஸ்க்ரீன் சிமிட்டுனாலோ ரிப்பன் போகப் போகுது. கடைக்காரர் "அது சிக்னல் தம்பி"ன்னு சொல்லுவார், அப்ப மூடிய அசைக்காம ஒரு நிமிசம் பேசிப் பாருங்க, அப்ப மட்டும் சத்தம் ஒழுங்கா வந்தா போன மேசையில வச்சுட்டு வெளிய வந்துருங்க.